ஐந்து வாற்று வானொலியும் அதற்கேற்ற மின்கலமும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரையோரங்களைத் தாக்கியபோது பல ஊர்களில் மின்சாரமும் போனது, தொலைபேசியும் போனது. எந்த ஊரில் யார் உயிரோடிருக்கின்றார்கள், எங்கே மருந்து வேண்டும், எந்தப் பாதை திறந்திருக்கின்றது என்று சொல்ல வழியில்லாதிருந்த அந்நாட்களில், ரேடியோ சொசைட்டி ஒவ் ஸ்ரீலங்கா என்னும் அமைப்பைச் சேர்ந்த அமெச்சூர் வானொலியாளர்கள் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலை வானொலி இணைப்பொன்றை ஏற்படுத்திச் செய்திகளைக் கொண்டு சேர்த்தனர். அதே நாட்களில் அந்தமான் தீவுகளின் போர்ட் பிளேயரில் பாரதி பிரசாத் என்னும் இந்தியப் பெண்மணி இருந்தார். அம்மாதத் தொடக்கத்தில் அவர் அங்கே சென்றது உலகெங்குமுள்ள வானொலி ஆர்வலர்களுடன் கதைப்பதற்காகத்தான். ஆழிப்பேரலைக்குப் பின்னர் அவருடைய நிலையமே அத்தீவுகளிலிருந்து இந்தியப் பெருநிலத்துக்குச் செய்தி அனுப்பும் வழிகளில் ஒன்றாகியது.

அமெச்சூர் வானொலி என்பது வியாபார நோக்கமின்றிச் சொந்தமாக ஒரு சிறு நிலையத்தை அமைத்து, குரலாலோ மோர்ஸ் குறியீட்டாலோ பிற நிலையங்களுடன் தொடர்பு கொள்வதாகும். இதில் ஈடுபடுவோரை 'ஹாம்' என்றும் அழைப்பர். எமது நாட்டில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்து அனுமதிப்பத்திரம் பெற்ற பின்னரே ஒருவர் ஒலிபரப்பலாம். அவருக்கு '4எஸ்' என்று தொடங்கும் அழைப்புக்குறி ஒன்றும் வழங்கப்படும். இத்துறையில் கருவியைப் பற்றியும் அலைவாங்கியைப் பற்றியும் மணிக்கணக்கில் கதைப்பவர்கள் பலர். பற்றரியைப் பற்றிக் கேட்டால் மட்டும் "ஏதாவது ஒரு பன்னிரண்டு வோல்ற்று" என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் வானொலி பேசுமா, ஊமையாகுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த ஏதாவது ஒன்றுதான். ஆகவே இக்கட்டுரை பற்றரியைப் பற்றியது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவிகளுக்கு மட்டுமன்றி, சாதாரண தரத்தில் ஓமின் விதியைக் கற்ற எவருக்கும் இது விளங்கும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். தனியான ஒன்று மின்கலம். பல மின்கலங்களைத் தொடராக இணைத்தால் அது மின்கலவடுக்கு. வீட்டில் நாம் இரண்டையுமே பற்றரி என்கின்றோம். இங்கும் அப்படியே எழுதுகின்றேன். தேவைப்படும் இடத்தில் மட்டும் பிரித்துச் சொல்வேன்.

ஏன் ஐந்து வாற்று?

மேசையில் வைத்துப் பாவிக்கும் சாதாரண அமெச்சூர் வானொலி 100 வாற்று வலுவில் ஒலிபரப்பும். கையில் எடுத்துச் செல்லும் சிறு கருவிகள் 5 வாற்று அல்லது அதற்கும் குறைவு. இதைக் 'கியூ.ஆர்.பி.' என்பார்கள். தந்திக் குறியீட்டில் வலுவைக் குறைக்கும்படி கேட்கும் மூன்றெழுத்து அது. நூறுக்கும் ஐந்துக்கும் இருபது மடங்கு வித்தியாசம் என்று கேட்டவுடன் ஐந்து வாற்று எதற்கும் உதவாது என்று தோன்றலாம். ஆனால் எமது காது மடக்கை அளவுத்திட்டத்தில் கேட்கின்றது. இருபது மடங்கு என்பது 13 டெசிபெல். வானொலிகளில் சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் எஸ்-மானியில் ஒரு படி 6 டெசிபெல் ஆகும். எனவே 100 வாற்றில் எஸ்-9 எனக் காட்டிய நிலையம், 5 வாற்றுக்கு இறங்கினால் எஸ்-7க்குச் சற்றுக் கீழே காட்டும். இரைச்சல் குறைந்த நேரத்தில் அது தாராளமாகக் கேட்கும் குரலே. பகலில் 7 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில், தாழ்வாகக் கட்டிய ஒரு கம்பி அலைவாங்கியிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் அலைகள் அயன் மண்டலத்தில் பட்டுத் திரும்பி வந்து, மலைகளையும் தாண்டி இலங்கை முழுவதிலும் விழக்கூடியவை. அதற்கு ஐந்து வாற்றுப் பெரும்பாலும் போதும்.

மற்றப் பக்கத்தைப் பாருங்கள். 100 வாற்றுக் கருவி ஒலிபரப்பும்போது 20 அம்பியர் வரை இழுக்கும். ஐந்து வாற்றுக் கருவி 2 அம்பியர் அளவே இழுக்கும். குரலில் இரண்டு படியை விட்டுக்கொடுத்தால் பற்றரியின் பாரத்தில் பத்து மடங்கு மிச்சம். கார் பற்றரியைத் தோளில் சுமப்பதா, பகலுணவுப் பெட்டியளவு பற்றரியைப் புத்தகப் பையில் வைப்பதா என்பதே கேள்வி.

முதலில் கணக்கு, பிறகு கடை

பற்றரி வாங்கப் போகும் முன் ஒரு கணக்குச் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் கடைக்காரரிடம் போனால் அவர் தம்மிடம் இருப்பதைத்தான் தருவார்.

உலகெங்கும் பரவலாகப் பாவிக்கப்பட்ட சிறு கருவியான யேசு எஃப்.டி. 817ஐ உதாரணமாக எடுப்போம். அது கேட்டுக்கொண்டிருக்கும்போது ஏறக்குறைய 0.4 அம்பியரும், 5 வாற்றில் ஒலிபரப்பும்போது ஏறக்குறைய 2 அம்பியரும் எடுக்கும். (2 அம்பியரை 13 வோல்ற்றால் பெருக்கினால் 26 வாற்று வருகின்றது. ஆனால் அலைவாங்கிக்குச் செல்வது 5 வாற்றே. மீதியில் பெரும்பகுதி வெப்பமாகப் போகின்றது. கருவியின் முதுகு சுடுவதற்குக் காரணம் இதுதான்.) நான்கு மணித்தியாலம் நிலையத்தை நடத்த வேண்டும், அதில் ஐந்திலொரு பங்கு நேரம் நாம் பேசுவோம் என்று வைத்துக்கொண்டால்:

பேசும் நேரம் 0.8 மணி. 0.8 × 2 = 1.6 அம்பியர் மணி.
கேட்கும் நேரம் 3.2 மணி. 3.2 × 0.4 = 1.28 அம்பியர் மணி.
மொத்தம் 2.88 அம்பியர் மணி.

இது சற்றுக் கூடுதலான மதிப்பீடே. மோர்ஸ் சாவியை அழுத்தும்போது மட்டும்தான் 2 அம்பியர் செல்லும். எழுத்துகளுக்கு இடையே சாவி திறந்திருக்கும். ஆயினும் அனர்த்த நேரத்துக்காகக் கணக்குப் போடுபவர் கூட்டிப் போடுவதே நல்லது.

கேட்பதற்குச் செலவாகும் பங்கைக் கவனித்தீர்களா? மொத்தத்தில் பாதிக்குச் சற்றே குறைவு. ஆகவே பற்றரி நீண்ட நேரம் நிற்க வேண்டுமானால் வலுவைக் குறைத்தால் மட்டும் போதாது. கேட்கும்போது குறைவாக எடுக்கும் கருவியைத் தெரிவுசெய்வதும், திரையின் விளக்கை அணைப்பதும், ஒலிபெருக்கிக்குப் பதிலாகக் காதணி ஒலிவாங்கியைப் பாவிப்பதும் அதே அளவு பயன் தரும்.

நான்கு வகையும் நான்கு குணமும்

ஈய அமில பற்றரியை 1859இல் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளாந்தே உருவாக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டியும் அது வாழ்கின்றது. கணினிக்கு வைக்கும் யூ.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் அந்தக் கனமான கறுப்புக் கட்டி பெரும்பாலும் 12 வோல்ற்று, 7 அம்பியர் மணி கொண்ட மூடிய ஈய அமில பற்றரியாகும். எல்லா ஊரிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் இரண்டு கிலோவுக்கு மேல் நிறை. அதன் மேல் அச்சிட்டிருக்கும் 7 என்ற எண், 20 மணித்தியாலத்தில் மெதுவாக இறக்கினால், அதாவது 0.35 அம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. 2 அம்பியர் எடுத்தால் அவ்வளவு கிடைக்காது. மேலும் அதை ஒவ்வொரு முறையும் அடிவரை இறக்கினால் விரைவில் செத்துவிடும். பாதிக்கு மேல் இறக்காமல் பாவித்தால்தான் சில நூறு தடவைகள் உழைக்கும். ஆகவே 7 என்பதை 3.5 என்றே வாசிக்க வேண்டும். எமது 2.88 அதற்குள் மட்டுமட்டாக அடங்குகின்றது.

இதன் பெரிய எதிரி மறதி. மின்னிறங்கிய நிலையில் மாதக்கணக்கில் அலுமாரியில் கிடந்தால் தகடுகளில் ஈயசல்பேற்று கடினமான பளிங்குகளாகப் படிந்துவிடும். அதன்பின் எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. பாவித்த அன்றே ஏற்றி வைப்பதும், மாதத்துக்கொரு முறையாவது எடுத்துப் பார்ப்பதும் அவசியம்.

நிக்கல் உலோக ஐதரைட்டு மின்கலங்கள் டோர்ச் லைட்டுக்கும் மணிக்கூட்டுக்கும் போடும் டபிள் ஏ அளவில் கிடைப்பவை. முன்னர் இவ்விடத்தில் நிக்கல் கட்மியம் இருந்தது. கட்மியம் நச்சு உலோகம் என்பதால் அது பின்வாங்கிவிட்டது. இவற்றில் ஒரு கலம் 1.2 வோல்ற்று. பத்தைத் தொடராக இணைத்தால் 12. ஒவ்வொன்றும் 2000 மில்லி அம்பியர் மணி என்றால் அடுக்கும் 2 அம்பியர் மணியே. தொடரிணைப்பில் வோல்ற்றளவு கூடும், அம்பியர் மணி கூடாது. சராசரி 0.72 அம்பியர் எடுக்கும் எமது கருவிக்கு அது மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகவே வரும். முந்நூறு கிராம் நிறைக்கு அது மோசமில்லை.

இவ்வகையில் பழையவை பாவிக்காமல் வைத்திருந்தாலே சில வாரங்களில் தாமாக இறங்கிவிடும். 2005இல் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் வெளியிட்ட கலங்கள் இந்தக் குறையை வெகுவாகக் குறைத்தன. இன்று வேறு பல நிறுவனங்களும் அத்தகையவற்றைச் செய்கின்றன. அனர்த்தப் பெட்டிக்குள் வைப்பதானால் இந்த மெதுவாக இறங்கும் வகையையே வாங்க வேண்டும். இங்கே பத்துக் கலங்களும் ஒரே வகையாகவும், ஒரே வயதாகவும், ஒரே அளவு ஏற்றப்பட்டவையாகவும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் முதலில் தீர்ந்துவிட்டால் மற்ற ஒன்பதும் அதனூடாக ஓட்டத்தைத் தள்ளி அதை எதிர்த்திசையில் ஏற்றிவிடும். அந்தக் கலம் பழுதாகும். கலத்துக்கு 1 வோல்ற்று, அடுக்குக்கு 10 வோல்ற்று என்ற அளவில் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது.

சுருள்வில் பொருத்திய பிளாஸ்டிக் கலப்பெட்டி ஒன்றும் இங்கே கவனிக்கப்பட வேண்டியது. ஒவ்வொரு தொடுகையிலும் சிறிது தடை உண்டு. கலங்களின் அகத்தடையும் தொடுகைத் தடையும் சேர்ந்து அரை ஓம் ஆனால், 2 அம்பியர் செல்லும்போது 1 வோல்ற்று அங்கேயே விழுந்துவிடும். கேட்கும்போது நன்றாக இருந்த கருவி, பேசத் தொடங்கியதும் அணைந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வில்லைத் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

இலிதியம் அயன் மின்கலங்களை 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. கைத்தொலைபேசி, மடிகணினி, பவர் பேங்க் எல்லாம் இதன் பிள்ளைகள். கலமொன்று 3.6 அல்லது 3.7 வோல்ற்று. முழுமையாக ஏறினால் 4.2. மூன்றைத் தொடராக்கினால் 12.6 வோல்ற்றில் தொடங்கி 9 வரை இறங்கும். நிறைக்கு நிறை பார்த்தால் இங்கே சொல்லும் நான்கிலும் அதிக சக்தி இதில்தான். தீப்பற்றும் ஆபத்தும் இதில்தான் அதிகம். பழைய மடிகணினிப் பற்றரியை உடைத்துக் கலங்களை எடுத்து அடுக்குச் செய்யும் காணொளிகள் இணையத்தில் நிறைய உள்ளன. மாணவிகள் அதைச் செய்யவேண்டாம் என்றே சொல்வேன். ஒவ்வொரு கலத்தின் வரலாறும் தெரியாது, துளைபட்டால் தண்ணீர்ச் செம்புக்கு அடங்காத தீ. மேலும் 18 மில்லி மீற்றர் விட்டமும் 65 மில்லி மீற்றர் நீளமும் கொண்ட உருளைக் கலத்தில் 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்டு விற்பவையும் உண்டு. நல்ல நிறுவனங்களின் அந்த அளவுக் கலம் 3500 அளவிலேயே நிற்கின்றது. எண் பெரிதாக இருந்தால் பொய்யும் பெரிது.

நான்காவது இலிதியம் இரும்பு பொஸ்பேற்று. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் குட்இனஃப் என்பவரின் குழு 1990களின் பிற்பாதியில் இந்தக் கதோட்டுப் பொருளை வெளிக்கொணர்ந்தது. இலிதியம் அயன் மின்கலங்களுக்காக அவருக்கு 2019இல் மேலும் இருவருடன் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருடைய வயது 97. அவருக்காக ஸ்டொக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் தமிழ்நாட்டில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். 1980களில் குட்இனஃபுடன் சேர்ந்து இவ்வகைச் சேர்மங்களின் அடிப்படை ஆய்வைச் செய்தவர் அவர். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவர் அம்மேடையில் நின்றதைத் தெரிந்துகொள்வதற்காகவே இதை இங்கே குறிப்பிட்டேன்.

இதில் கலமொன்று 3.2 வோல்ற்று. நான்கைத் தொடராக்கினால் 12.8. ஏறக்குறைய 13.8 வோல்ற்றுக்கென்று செய்யப்பட்ட வானொலிகளுக்கு இதைவிடப் பொருத்தமான எண் வேறில்லை. கொள்ளளவின் பெரும்பகுதியில் வோல்ற்றளவு 13ஐ ஒட்டியே நின்று, கடைசியில்தான் சரேலென விழும். 4.5 அம்பியர் மணி கொண்டது முக்கால் கிலோவுக்கும் குறைவு. அதில் 80 வீதத்தை அச்சமின்றி எடுத்தால் 3.6 அம்பியர் மணி. எமது நான்கு மணித்தியாலத் தேவை தாராளமாக அடங்குகின்றது. இரண்டாயிரம் தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கின்றார்கள். சாதாரண இலிதியம் அயனைப் போல எளிதில் தீப்பற்றுவதுமில்லை. விலை அதிகம்தான். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை ஈய அமில பற்றரியை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அந்த அதிகம் கரைந்துவிடும். பணம் சேர்த்து ஒன்றை மட்டும் வாங்குவதானால் இதையே வாங்கலாம் என்பது என் கருத்து. கழகத்துக்கோ பாடசாலை ஆய்வுகூடத்துக்கோ ஒரே இடத்தில் வைத்துப் பாவிப்பதற்கென்றால் ஈய அமிலமே போதும். மேசையில் வைத்துப் பாவிக்கும் பற்றரியின் நிறையை யாரும் சுமக்கப் போவதில்லை.

மின்னேற்றும் முறை

இங்குதான் பெரும்பாலான பற்றரிகள் கொல்லப்படுகின்றன. காரணம் எளிது. மூன்று வெவ்வேறு பற்றரிகளின் மேலும் '12 வோல்ற்று' என்றே எழுதியிருக்கும். ஆனால் அவை முழுமையாகும் வோல்ற்றளவு ஒன்றல்ல.

ஈய அமில பற்றரிக்கு 14.4 வோல்ற்று அளவில் நிலையான அழுத்தம் கொடுத்து, தொடக்க ஓட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். 7 அம்பியர் மணிக்கு 0.7 முதல் 2 அம்பியர் வரை போதும். ஓட்டம் மிகவும் குறைந்த பின் 13.6 வோல்ற்றுக்கு இறக்கி இணைப்பிலேயே விட்டுவிடலாம். இந்த எண்கள் 25 பாகை செல்சியசுக்குரியவை. மன்னாரிலும் கல்முனையிலும் பகல் வெப்பம் அதைத் தாண்டும். ஒவ்வொரு பாகைக்கும் 0.02 வோல்ற்று அளவு குறைக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே, சுவரோடு ஒட்டிய அலுமாரியின் மேல்தட்டில் பற்றரியை வைப்பது அதன் ஆயுளை நாமே அறுப்பதாகும். வீட்டில் மிகக் குளிர்ந்த மூலையைத் தேடி வையுங்கள். அளவுக்கு மீறி ஏற்றினால் ஐதரசன் வாயு வெளியேறும். காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் ஏற்றக் கூடாது.

நிக்கல் கலங்களுக்கு நிலையான அழுத்தம் ஒத்துவராது, நிலையான ஓட்டம் வேண்டும். மிகப் பழைய, மிகப் பொறுமையான வழி, கொள்ளளவில் பத்திலொரு பங்கு ஓட்டத்தில் 14 மணித்தியாலம் ஏற்றுவது. 2000 மில்லி அம்பியர் மணிக்கு 200 மில்லி அம்பியர். பத்து மணித்தியாலத்தில் கணக்கு முடியவேண்டுமே என்று கேட்பீர்கள். ஏற்றும் சக்தி முழுவதும் சேமிக்கப்படுவதில்லை, ஒரு பகுதி வெப்பமாகும். அதனாலேயே 14. விரைவாக ஏற்றும் கருவிகள், கலம் நிரம்பியவுடன் அதன் வோல்ற்றளவு சில மில்லி வோல்ற்று இறங்குவதைக் கண்டுபிடித்து நிறுத்துகின்றன. ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியாகக் கண்காணிக்கும் மின்னேற்றியை வாங்குவதே அறிவு. இரண்டிரண்டாகச் சேர்த்து ஏற்றுபவை பலவீனமான கலத்தைக் காட்டிக் கொடுப்பதில்லை.

இலிதியம் அயனுக்கு முதலில் நிலையான ஓட்டம், கலம் 4.2 வோல்ற்றை அடைந்ததும் நிலையான அழுத்தம், ஓட்டம் மெலிந்ததும் முழு நிறுத்தம். மூன்று கல அடுக்குக்கு 12.6 வோல்ற்றுக்கு மேல் ஒரு துளியும் கூடாது. ஈய அமில மின்னேற்றியையோ வானொலியின் 13.8 வோல்ற்று மின்வழங்கியையோ இதற்கு இணைத்தால் கலத்துக்கு 4.6 வோல்ற்று ஏறும். பாதுகாப்புச் சுற்றுத் தடுத்தால் தப்பலாம். அது இல்லாத மலிவு அடுக்கில் வீங்கலும் தீயும்தான் முடிவு. இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு பொஸ்பேற்றுக்கு எல்லை கலத்துக்கு 3.65, நான்குக்கு 14.6 வோல்ற்று. 13.8 வோல்ற்றில் வைத்தாலும் மெதுவாக ஏறக்குறைய நிரம்பிவிடும், தீங்கில்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். காலியான பற்றரியைப் பெரிய மின்வழங்கியுடன் நேரே இணைத்தால் ஓட்டம் அளவுக்கு மீறிப் பாயும். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்னேற்றி அவசியம். சல்பேற்றை உடைப்பதற்கென 15 வோல்ற்றுக்கு மேல் துடிப்புகளைச் செலுத்தும் ஈய அமில மின்னேற்றிகளை இதற்குப் பாவிக்கக் கூடாது. நூல்களில் இன்னொரு விதியும் காணப்படும். உறைநிலைக்குக் கீழே இலிதியத்தை ஏற்றாதே என்பது. நுவரெலியாவில் சில தை மாத விடியல்களில் புல்லின் மேல் உறைபனி விழுவதுண்டு. வெயில் வந்த பின் ஏற்றினால் அந்தப் பிரச்சினையும் இல்லை.

இலிதியம் வகைகளை நீண்டநாள் வைப்பதானால் முழுமையாக ஏற்றி வைக்காமல் பாதியளவில் வைப்பது கலத்துக்கு நல்லது. ஈய அமிலத்துக்கு நேர் எதிர். ஆனால் அனர்த்தத்துக்காக வைத்திருப்பவருக்கு இது சங்கடம். பாதி நிரம்பிய பற்றரி நள்ளிரவில் பாதி நேரமே பேசும். இரும்பு பொஸ்பேற்று முழுநிலையை இலிதியம் அயனைவிட நன்றாகப் பொறுத்துக்கொள்ளும். ஆகவே மழைக்காலம் தொடங்கும் ஐப்பசியில் முழுமையாக ஏற்றி, மாசியில் இறக்கி வைக்கலாம்.

மின்சாரம் பல நாள் இல்லாவிட்டால் சூரியன்தான் கதி. 10 வாற்றுத் தகடு நல்ல வெயிலில் 0.55 அம்பியர் அளவு தரும். எமது நாட்டில் மேகமற்ற நாளில் ஐந்து மணித்தியால முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கும் என்று கொண்டால் 2.7 அம்பியர் மணி. எமது நான்கு மணித்தியாலச் செலவை அது ஏறக்குறைய நிரப்பிவிடுகின்றது. மழை நாட்களில் அந்த நம்பிக்கை இல்லை. வெள்ளம் வரும் நாட்கள் மழை நாட்களே என்பதையும் மறக்கக் கூடாது. அதனால் 20 வாற்றுத் தகடு அதிகம் என்று நினைக்க வேண்டாம். தகட்டுக்கும் பற்றரிக்கும் இடையே வைக்கும் கட்டுப்படுத்திகளில் சில, விரைவாக ஆளியிட்டு இயங்குவதால் வானொலியில் சீறலைக் கிளப்பும். வாங்குமுன் ஒரு சிற்றலை வானொலியை அருகில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

உருகியும் மானியும்

பற்றரியின் நேர்முனையிலிருந்து வரும் கம்பியில், முனைக்கு எவ்வளவு அருகே முடியுமோ அவ்வளவு அருகே, 3 அல்லது 5 அம்பியர் உருகி ஒன்றைப் போட வேண்டும். உருகி கருவியைக் காப்பதற்கு மட்டுமல்ல. புத்தகப் பைக்குள் சாவிக்கொத்து ஒன்று இரு முனைகளையும் தொட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயக்கூடும். கம்பி சிவந்து பை எரியும். ஆகவே முனைகளுக்கு மூடியும் வேண்டும். சிவப்பும் கறுப்புமான, தலைகீழாகச் செருக முடியாத இணைப்பிகளைப் பாவித்தால் முனை மாறி இணைக்கும் விபத்தும் இல்லை. பல நாட்டு அமெச்சூர் வானொலியாளர்கள் அண்டர்சன் பவர்போல் என்ற இணைப்பியையே வழக்கமாக்கிக் கொண்டுள்ளனர். அனர்த்த நேரத்தில் ஒருவரின் பற்றரி இன்னொருவரின் கருவிக்கு உடனே பொருந்தும் என்பதே காரணம்.

பல்மானியால் பற்றரியின் நிலையை அறியலாமா? ஓய்வில் இருக்கும் ஈய அமில பற்றரி 12.7 வோல்ற்று காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதி. இரும்பு பொஸ்பேற்றில் அது நடக்காது. முக்கால் நிரம்பியபோதும் கால் நிரம்பியபோதும் மானி ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். அங்கே நேரத்தைக் குறித்து வைப்பதும், ஓட்டத்தைக் கூட்டிக் கணக்கிடும் சிறு மானியைத் தொடராக இணைப்பதும் மட்டுமே வழி. வோல்ற்றளவு சற்று இறங்கினால் பதற்றப்படவும் தேவையில்லை. எளிய ஒலிபரப்பியில் வலு வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு விகிதசமன். 13.8இலிருந்து 12க்கு இறங்கினால் 5 வாற்று 3.8 ஆகும். மறுமுனையில் கேட்பவர் அந்த வித்தியாசத்தை உணரவே மாட்டார்.

புதிதாக வாங்கிய பற்றரி சொன்ன அளவு தருகின்றதா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். முழுமையாக ஏற்றிய பின், மோட்டார் சைக்கிள் கடையில் கிடைக்கும் 12 வோல்ற்று 10 வாற்றுப் பல்ப் ஒன்றை உருகியுடன் இணையுங்கள். 0.85 அம்பியர் அளவு செல்லும். பல்மானியால் அதைச் சரியாக அளந்துகொள்ளுங்கள். அரை மணித்தியாலத்துக்கொரு முறை வோல்ற்றளவை எழுதி, ஈய அமிலமானால் 10.5இலும் இரும்பு பொஸ்பேற்றானால் 11இலும் நிறுத்துங்கள். அளந்த ஓட்டத்தை எடுத்த மணித்தியாலங்களால் பெருக்கினால் உண்மைக் கொள்ளளவு. 4.5 அம்பியர் மணி என்று வாங்கிய இரும்பு பொஸ்பேற்று ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் பல்ப்பை எரித்தால் அது சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பற்றரி. மூன்று மணித்தியாலத்தில் அணைந்தால் பற்றுச்சீட்டுடன் அன்றே கடைக்குத் திரும்புங்கள். எண்ணையும் திகதியையும் ஒரு தாளில் எழுதிப் பற்றரியின் மேலேயே ஒட்டிவிட்டு, அடுத்த ஆண்டு அதே பல்ப்பால் மீண்டும் சோதியுங்கள்.